ஜனவரி இரண்டு, கோபப்படக் கூடாத நாள்

லமாராவுக்குக் கோபம் வந்தால் இரண்டு மலைக்கும் கேட்கும் என்று சியாத்துராவில் சொல்வார்கள். சியாத்துரா எங்கள் ஜார்ஜியா நாட்டில் ஒரு சுரங்க ஊர். நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. ஆட்கள் கம்பியில் தொங்கும் பெட்டி வண்டியில்தான் மேலே ஏறுவார்கள், கீழே இறங்குவார்கள். அந்த வண்டியின் விசை பத்தொன்பது வருடம் லமாராவின் கையில் இருந்தது. ஒருநாள் புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவன், மளிகைப் பையோடு வரிசையில் நின்ற பெண்களை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முதலில் ஏறிக்கொண்டான். லமாரா மற்றவர்களை நிறுத்திவிட்டு அவனை மட்டும் வைத்து வண்டியைக் கிளப்பினாள். ஆற்றுக்கு நேர் மேலே போனதும் விசையை இழுத்து நிறுத்தினாள். பிறகு மேடையின் ஓரத்துக்கு வந்து நின்று, அவன் பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பித்துப் பதினைந்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். திரும்பி வந்தவன் நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான்.

அப்படிப்பட்ட வாய்தான் கிரேக்க நாட்டுக்கு வந்து, ஒன்பதாவது வருடமாக "சரிங்கம்மா" சொல்லிக்கொண்டிருந்தது. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பி வண்டி நின்று வேலை போனது. வேலை தேடி ரஷ்யாவுக்குப் போன கணவன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். மகள் சலோமே அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் எல்லாரும் வருகிற அதே வழியில், அதே பஸ்ஸில், லமாராவும் தெசலோனிக்கிக்கு வந்து சேர்ந்தாள். ஜார்ஜியாக்காரி என்றால் இங்கே ஒரே வேலைதான்: கிழவர் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்வது. லமாராவுக்குக் கிடைத்தவர் பந்தெலிஸ், துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். வயது எண்பத்தெட்டு, இடுப்பு போய்விட்டது, ஞாபகம் பாதி இருக்கும் பாதி இருக்காது. நல்ல மனிதர். சோறு ஊட்டினால் நன்றி சொல்வார். அவர் மேல் லமாராவுக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

கோபமெல்லாம் அவருடைய மகள் எவாந்தியா மேல்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். வாயைத் திறந்தால் தேன். "லமாரா, நீ எங்க குடும்பத்துல ஒருத்தி" என்பாள். இந்த வாக்கியத்தை எவாந்தியா சொன்னால் அடுத்து ஏதோ ஒரு விடுமுறை போகப்போகிறது என்று அர்த்தம். சலோமேயின் கல்யாணத்துக்கு முந்தைய வாரமும் இதைத்தான் சொன்னாள். அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல், நீயே போய்விட்டால் எப்படி என்றாள். மகளின் கல்யாணத்தை லமாரா போனில் பார்த்தாள், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு. இப்போது அந்தக் கல்யாணத்தில் பிறந்த குழந்தைக்கே ஏழு மாதம் ஆகிறது. அதையும் போனில்தான் பார்க்கிறாள்.

முதல் தேதி எவாந்தியா குடும்பத்தோடு அப்பா வீட்டுக்கு வந்து, இவர்கள் வழக்கப்படி புத்தாண்டு கேக்கை வெட்டினாள். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது மாதாவுக்கு, அப்புறம் வீட்டுக்கு, அப்பாவுக்கு, கணவனுக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு, இராணுவத்தில் இருக்கிற மருமகனுக்கு. கடைசித் துண்டு வழிப்போக்கனுக்கு என்று எடுத்து வைப்பார்கள். அந்தத் துண்டை எவாந்தியா லமாராவின் தட்டில் வைத்தாள். "நீ எங்க குடும்பத்துல ஒருத்தி" என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். லமாரா அதைத் தின்றாள். மறுநாளை நினைத்துக்கொண்டு தின்றாள்.

மறுநாள் பெதோபா. எங்கள் ஊரில் புத்தாண்டைவிட அதுதான் பெரிது. ஜனவரி இரண்டாம் தேதியை எப்படிக் கழிக்கிறோமோ அப்படித்தான் அந்த வருடம் முழுவதும் கழியும். அன்றைக்கு நல்ல துணி உடுத்த வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், பிடித்தவர்களோடு இருக்க வேண்டும், பாட வேண்டும். விளக்குமாற்றைத் தொடக் கூடாது, அழக் கூடாது, முக்கியமாகக் கோபப்படக் கூடாது. எங்கள் பாதிரியார்கள் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்வார்கள். செய்துவிட்டு அவர்களும் அன்று ஒருவரையும் திட்ட மாட்டார்கள்.

லமாரா இந்த ஊரில் எட்டு பெதோபா பார்த்துவிட்டாள். எட்டிலும் காலையில் எழுந்து, கிழவருக்கு டயப்பர் மாற்றி, தரையைத் துடைத்து, முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு கழித்தாள். எட்டு வருடமும் அச்சு அசலாக அப்படியே கழிந்தன. பலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் போன ஆகஸ்டில் பேரம் பேசினாள். எவாந்தியா விடுமுறைக்குத் தீவுக்குப் போனபோது தனக்குச் சேர வேண்டிய ஆறு ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுக்கொடுத்தாள். பதிலுக்கு ஒரே ஒரு நாள் கேட்டாள். ஜனவரி இரண்டு, காலை பத்து மணியிலிருந்து மறுநாள் காலை வரை. எவாந்தியா சிரித்துக்கொண்டே போனில் குறித்துக்கொண்டாள். அந்த நாளைத் தன் இஷ்டப்படி கழித்துவிட்டால் இந்த வருடம் எப்படியும் ஊருக்குப் போய்விடலாம் என்று லமாரா நம்பினாள். ஊருக்குப் போய்வர அனுமதிக் காகிதமெல்லாம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. கால்தான் கிளம்பவில்லை.

இரண்டாம் தேதி காலை கிழவரைக் குளிப்பாட்டி, சாப்பிடவைத்து, ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டாள், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாள். பத்து மணி ஆயிற்று. பத்தே கால். பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது.

"லமாரா கண்ணு, வருஷம் நல்லா இருக்கட்டும்! ஒரு சின்ன சிக்கல். லாரிசா ஊர்லேருந்து நண்பர்கள் வந்துட்டாங்க. மலைமேல சாப்பிடப் போகலாம்னு ஒரே பிடிவாதம். சாயங்காலம் பார்க்கலாம், என்ன?"

"அம்மா, இன்னிக்கு ரெண்டாம் தேதி. ஆகஸ்ட்லயே பேசினோமே."

"தெரியும்மா. ஆனா நேத்தே புத்தாண்டு முடிஞ்சுபோச்சே! இன்னிக்கு என்ன பண்டிகை? நாமளும் ஒரே சபைதானே, எங்களுக்குத் தெரியாத பண்டிகையா உங்களுக்கு? நான் காலண்டர்லயே பார்த்தேன், ஒண்ணும் போடலை."

"எங்க ஊர்ல இன்னிக்கு..."

"அடுத்த வாரம் ஒருநாள் எடுத்துக்கோ. பண்டிகையை என்னிக்குக் கொண்டாடினா என்ன? நீ எங்க குடும்பத்துல ஒருத்தி இல்லையா?"

லமாராவுக்குக் கோபம் பொங்கியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கோபப்படக் கூடாத நாள் என்ற நினைப்பு வந்ததும் கஷாயம் குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். "சரிங்கம்மா" என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் நின்றாள். கிழவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. எவாந்தியாவுக்கு அது நன்றாகத் தெரியும். பூட்டே போடாமல் ஒன்பது வருடம் இவளை அடைத்து வைத்திருந்தது இந்த ஒரு காரணத்தால்தான். லமாரா இப்படியும் அப்படியும் நடந்தாள். பிறகு கிழவருக்குத் தடிமனான கோட்டை மாட்டினாள், கழுத்தில் சால்வையைச் சுற்றினாள். ஒரு பையில் மாத்திரை, டயப்பர், மாற்றுத் துணி எல்லாம் திணித்தாள்.

"எங்கே போறோம்?" என்று கேட்டார் பந்தெலிஸ்.

"விருந்துக்கு, தாத்தா."

"நல்லது. சவரம் பண்ணியிருக்கேனா?"

"பண்ணியிருக்கீங்க. மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க."

விருந்து, இவளைப்போலவே கிழவி பார்க்க வந்த ஜார்ஜியாக்காரி நானுலியின் அறையில். அங்கே போக நாற்பது நிமிட நடை. இந்த ஊர் நடைபாதையில் சக்கர நாற்காலி தள்ளியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள், மீதி இடத்தில் கார். ஒவ்வொன்றையும் சுற்றித் தெருவில் இறங்கி ஏற வேண்டும். லமாரா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே தள்ளினாள். நானுலியின் அறை பாதித் தரைக்குக் கீழே இருந்தது. தெருவிலிருந்து ஏழு படி இறங்க வேண்டும். நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்து, தன் மார்பில் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

உள்ளே எட்டுப் பெண்கள். மேஜையில் வால்நட் குழம்பில் ஊறிய வான்கோழி, சீஸ் அடைத்த ரொட்டி, தேனில் வறுத்த வால்நட் மிட்டாய், ஒயின். எல்லாரும் லிப்ஸ்டிக்கும் நகையுமாக ஜொலித்தார்கள். நானுலி கையை விரித்துக்கொண்டு கதவுக்கு ஓடிவந்தாள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் விரித்த கை அப்படியே நின்றது.

"அடியே, இவரை எதுக்குடி கூட்டிட்டு வந்தே?"

"அவ வரலை. நான் என்ன பண்ணட்டும்?"

"ஐயோ! இன்னிக்கு யாரு கூட இருக்கோமோ வருஷம் பூரா அவங்க கூடத்தான்! வருஷத்துல இந்த ஒருநாள் கிழவங்க யாரும் பக்கத்துல இல்லாம இருக்கணும்னுதானே எல்லாரும் இங்க வந்திருக்கோம்? நீ வண்டியில வெச்சுத் தள்ளிட்டு வர்றியே!"

"என் கிழவியையாவது நான் மாத்திரை குடுத்துத் தூங்கவெச்சுட்டு வந்தேன்" என்றாள் மூலையிலிருந்த ஜுஜுனா. அவள் நாக்கு எப்போதும் ஊசிதான். "இவ மொத்த ஊருக்கும் சேர்த்து ஒரு தாத்தாவைக் கொண்டுவந்துட்டா. நல்லா இருப்பேடி!"

"மெதுவாப் பேசு, கோபப்படாதே, இன்னிக்குக் கோபப்படக் கூடாது" என்று யாரோ சொன்னார்கள். உடனே எட்டுப் பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. லமாரா அதைக் கண்ணாடியில் தினமும் பார்த்திருக்கிறாள்.

பந்தெலிஸ் மட்டும் நிஜமாகச் சிரித்தார். "எத்தனை அழகான பொண்ணுங்க! சாயங்கால வணக்கம்!" என்றார். பகல் பன்னிரண்டு மணி. நானுலி பெருமூச்சு விட்டு, ஒரு தட்டில் குழம்பை ஊற்றி, எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். பழக்கதோஷம், கழுத்தில் துண்டும் கட்டிவிட்டாள்.

இரண்டு கோப்பை ஒயின் போயிருக்கும். லமாராவின் போன் அடித்தது. வீட்டுப் போனை யாரும் எடுக்காததால் எவாந்தியா இதில் கூப்பிட்டிருந்தாள்.

"எங்கே இருக்கே? அப்பா எங்கே?"

"என்கூடத்தான் இருக்கார். நானுலி வீட்டுல. விருந்து சாப்பிடறார்."

"என்னது? இந்தக் குளிர்ல, யாரோ ஒருத்தி வீட்டு நிலவறையிலயா? யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போனே? உடனே வீட்டுக்குப் போ. உனக்குப் புத்தி இருக்கா? இதெல்லாம் ஒரு பண்டிகைன்னு..."

மேஜையைச் சுற்றி எட்டுப் பேரும் லமாராவைப் பார்த்து ஜாடை காட்டினார்கள். நானுலி உதட்டின் மேல் விரலை வைத்தாள். ஜுஜுனா இரண்டு விரலால் தன் வாயின் ஓரங்களை மேலே இழுத்துக் காட்டினாள்: சிரி, சிரி. லமாரா அந்த எட்டு முகத்தையும் பார்த்தாள். எட்டு வருடம் இந்த நாளில் சிரித்திருக்கிறாள். எட்டு வருடமும் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டன. மகள் கல்யாணத்தன்றுகூட "பரவாயில்லைங்கம்மா" என்று சிரித்தாள். தான் மாட்டிக்கொண்டிருப்பது இந்தச் சிரிப்பில்தான் என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

"எவாந்தியா, வாயை மூடு" என்றாள்.

ஒன்பது வருடத்தில் 'அம்மா' இல்லாமல் அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆறு ஞாயித்துக்கிழமை வாங்கிட்டே என்கிட்ட! ஆறு! நீ தீவுல கால் நீட்டிப் படுத்திருந்தப்ப நான் இந்த மனுஷனுக்கு நாப்பது டிகிரி வெயில்ல விசிறிட்டு இருந்தேன். பதிலுக்கு ஒருநாள் கேட்டேன். அதையும் கறி திங்கப் போறேன்னு பிடுங்கிட்டே. என் பண்டிகை உன் காலண்டர்ல இல்லையா? நான் இருக்கேனா உன் காலண்டர்ல? என் பொண்ணு கல்யாணம் இருந்துதா? பேரன் பிறந்தது இருந்துதா? குடும்பத்துல ஒருத்தின்னு சொல்லியே என் குடும்பத்தை என்கிட்டேருந்து பிடுங்கிட்டியேடி! அப்பா எங்கேன்னு கேக்கறே. எட்டு வருஷமா இந்தக் கேள்வியை நீ கேக்கவே இல்லை. மூணரைக்குள்ள வந்து உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போ!"

நானுலியின் அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் அதிர்ந்தன. சியாத்துராவின் வாய் திரும்பி வந்துவிட்டது. விலாசத்தையும் அதே குரலில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நானுலி சிலுவை போட்டுக்கொண்டாள். "போச்சு. இன்னிக்குப் போய்க் கோபப்பட்டுட்டே. வருஷம் பூரா கோபம்தான் இனி உனக்கு."

"இருக்கட்டும்!" என்றாள் லமாரா. "வருஷம் பூரா கோபம் வேணும் எனக்கு. இவ்வளவு நாள் இந்தப் பாழாப்போன சிரிப்பைச் சிரிச்சு என்னத்தைக் கண்டோம்? நீங்களே சொல்லுங்க, யாருக்கு நல்லதா விடிஞ்சிது?"

ஜுஜுனா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை மேஜையில் ணங்கென்று வைத்தாள். "என் வீட்டுக்காரி ஃபிரிட்ஜைப் பூட்டிட்டுப் போறா" என்றாள். "நாலு வருஷமா. நாய்க்கு மட்டும் தனியா வெச்சுட்டுப் போறா." அவ்வளவுதான், மடை திறந்தது. ஒருத்திக்கு ஜன்னல் இல்லாத அறை. ஒருத்தியை 'ஏய் ஜார்ஜியா' என்றுதான் கூப்பிடுவார்களாம், பெயரே கேட்டதில்லையாம். நானுலியின் கிழவி நவம்பரில் செத்தபோது, பத்து வருடம் பார்த்துக்கொண்டவளைச் சவ அடக்கத்துக்குக் கூப்பிடவில்லை. வீட்டைக் கழுவத்தான் கூப்பிட்டார்கள். அதை நானுலி அன்றுதான் முதன்முதலாகச் சொன்னாள், சொல்லிவிட்டுத் தன் தலையணையையே எடுத்துச் சுவரில் அடித்தாள். மேல்வீட்டுக்காரன் தரையைத் தட்டினான். ஒன்பது பெண்களும் கூரையைப் பார்த்து ஒரே குரலில் அவனைத் திட்டினார்கள். பந்தெலிஸ் கை தட்டினார், பாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்கு எவாந்தியா படியிறங்கி வந்தாள். கோட்டில் சுட்ட கறி வாசனை. மேலே தெருவில் கணவன் காரை விட்டு இறங்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"உன்னை எவ்வளவு நம்பினேன் லமாரா! எங்க குடும்பத்துல ஒருத்தியா உன்னை..."

"குடும்பத்துல ஒருத்தின்னா இப்படித்தான் கத்துவா. இந்தா பை. நாலு மணிக்கு வெள்ளை மாத்திரை ஒண்ணு. எட்டு மணிக்கு ரெண்டு. ராத்திரி ரெண்டு தடவை திருப்பிப் படுக்கவைக்கணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். சூப்புல உப்புப் போடாதே."

"ராத்திரியா? நீ வரமாட்டியா?"

"இன்னிக்கு என் நாள். நாளைக்கு பஸ் டிக்கெட் வாங்கப் போறேன். எங்க ஊருக்கு."

"விளையாடாதே. நான் எப்படித் தனியா..."

"இன்னிக்கு என்ன நாள்னு கேட்டியே, சொல்றேன் கேளு" என்றாள் லமாரா. "இன்னிக்கு நீ யாரு கூட இருக்கியோ, இந்த வருஷம் பூரா அவங்க கூடத்தான் இருப்பே. எங்களுக்கு இது தப்பினதே இல்லை."

எவாந்தியா சகுனம் பார்ப்பதில் எங்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை. புத்தாண்டுக்கு வாசலில் மாதுளம்பழம் உடைப்பவள், அதிர்ஷ்டம் பார்க்க விடிய விடியச் சீட்டாடுபவள். நாற்காலியின் பிடியில் வைத்திருந்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஒன்பது பேரையும் பார்த்தாள். அதில் எந்தக் கையும் நாற்காலியைத் தொட வரவில்லை. மேலே மறுபடி ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் பிடியைப் பற்றினாள்.

லமாராவின் கைகள் தாமாகவே முன்னால் போயின. அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாற்காலி வாசலைத் தாண்டும்போது பந்தெலிஸ் மகளைத் தாண்டித் திரும்பிப் பார்த்தார்.

"லமாரா, நீ வரலையா?"

"வரலை தாத்தா."

"குளிருமே எனக்கு."

நானுலி கதவைச் சாத்தினாள். லமாராவுக்குக் கண் எரிந்தது, மூக்கு அடைத்தது. பெதோபாவன்று அழுதால் வருடம் முழுக்க அழ வேண்டும். வெளியே நாற்காலிச் சக்கரம் முதல் படியில் இடிப்பது கேட்டது. மறுபடி இடித்தது. முன்பக்கமாகவே தள்ளுகிறாள், மடச்சி. லமாரா கதவைப் படாரென்று திறந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"திருப்பிப் பின்பக்கமா இழு! தள்ளாதே, கழுத்து ஒடிஞ்சுடும்! சால்வையை இழுத்துப் போர்த்து விடு! உன் அப்பாடி அவரு, உன் அப்பா!"